எண்ணெயை எடை போட்டுச் சுட்ட பலகாரம்

என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. ஆவணியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக இருக்கும். தை மாதம் எடுப்பது மட்டும் ஏறி நிற்கும். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஹெச்பிஏ1சி என்கிற அந்தச் சோதனை, ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அதில் தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து போனாலும் ஏமாற்ற முடியாது. தையில் ரத்தம் கொடுத்தால் ஐப்பசி அதிரசம் வரைக்கும் சாட்சிக்கு வந்துவிடும்.

தருமபுரிப் பக்கம் பண்டிகைக் காலம் என்பது ஒரு நாள் கூத்து இல்லை. ஆயுத பூஜைப் பொரியில் ஆரம்பித்து, தீபாவளி, நோன்பு, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, எதிர் வீட்டு கிறிஸ்துமஸ் கேக், அலுவலகத்தில் புத்தாண்டு கேக், பொங்கல், கரிநாள் கறிச்சோறு என்று தை பாதி வரை இழுத்துக்கொண்டு போகும். இத்தனையையும் வேண்டாம் என்று தள்ளினால் வீடு வீடாக இருக்காது. எல்லோரும் பலகாரம் தின்னும்போது மாமாவை மட்டும் தனியாக உட்காரவைத்து ஓட்ஸ் கஞ்சி கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் இந்த முறை பலகாரம் எல்லாம் வழக்கம்போலவே, ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து செய்வது என்று முடிவெடுத்தோம். அதன் குறிப்புதான் இது.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து கிலோ வரை காட்டும் சமையல் தராசு ஒன்று. எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க ஊசி மாதிரி நீண்ட வெப்பமானி ஒன்று. மாமாவிடம் ஏற்கெனவே இருக்கும் குளுக்கோமீட்டர். அத்தை மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அதிரசம் தட்டறதுக்குத் தராசு எதுக்கு? இதெல்லாம் உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. அதுவே பெரிய அனுமதி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டம் கேழ்வரகும் சாமையும் விளையும் பூமி. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் அருகே இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே கேழ்வரகு ரகமும் சாமை ரகமும் உண்டு. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருடம் தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில்தான் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் இதன் பக்கவிளைவாக, "சிறுதானியத்தில் செய்தது, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கடைகளில் சிறுதானிய லட்டு, சிறுதானிய மைசூர்பாகு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாமையில் சுட்டாலும் அதிரசத்தில் இருக்கும் வெல்லம் வெல்லம்தான், குடித்த எண்ணெய் எண்ணெய்தான். மாவை மாற்றுவதால் கிடைப்பது எவ்வளவு, அளவை மாற்றுவதால் கிடைப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நோன்புக்கு 21

எங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு எடுப்பார்கள். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 வாழைப்பழம், நோன்புக் கயிறு. இதில் கை வைக்க முடியாது. சாமையில் சுடலாமா என்று கேட்டதற்கு, "நோன்புக்கு அரிசிதான்" என்று அத்தை முடித்துவிட்டார். சரி, அரிசியிலேயே ஆரம்பித்தோம்.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம். வெல்லம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது, கொஞ்சம் கருத்த உருண்டை. அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் பிடித்தால் ஒட்டாமல் ஈரம் மட்டும் தெரியும் நிலையில் எடுத்து அரைத்துச் சலித்தோம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சினோம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால், கரையாமல் இளகலாக உருண்டு வர வேண்டும். அத்தை இதைத் தக்காளிப் பதம் என்பார். அதில் ஏலக்காயும் சுக்கும் போட்டு, அடுப்பை விட்டு இறக்கி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி மூடி வைத்தோம். ஈர மாவும் பாகும் சேர்ந்து எடை போட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வந்தது.

இந்த இடத்தில்தான் வெல்லத்தைக் குறைக்கலாமா என்று அத்தையிடம் பேச்சுக் கொடுத்தேன். முடியாது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதிரசத்தில் வெல்லம் இனிப்புக்கு மட்டும் இல்லை, மாவைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். பாகு குறைந்தால் மாவு வறண்டு, தட்டும்போதே ஓரம் வெடிக்கும். பாகு இளகலாக நின்றுவிட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துவிடும். முறுகிவிட்டால் பல்லுக்கு வேலை. கட்டடத்துக்குச் சிமெண்டைப் பாதியாக்குவது போல அதிரசத்துக்கு வெல்லத்தைப் பாதியாக்க முடியாது.

அப்படியானால் மிச்சம் இருப்பது அளவு ஒன்றுதான். எங்கள் வீட்டு வழக்கப்படி மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டுவார்கள். தராசில் வைத்தால் ஐம்பது கிராம். மேலே சொன்ன கணக்குப்படி அதில் சுமார் 18 கிராம் வெல்லம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை, மொத்தச் சாப்பாட்டின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த இரண்டாவது கணக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 25 கிராம். வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதால், ஒன்றரை அதிரசத்தில் அன்றைக்குக் கோட்டா முடிந்தது. காபியில் போடுவது தனி.

"நோன்புக்கு 21 வேணும். ஆனா ஒண்ணு இத்தனை கிராம் இருக்கணும்னு எங்கேயாவது சொல்லியிருக்காங்களா அத்தை?" என்று கேட்டேன். யோசித்தார். "எங்க மாமியார் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுவாங்க. எங்கம்மா வீட்ல சின்னதா இருக்கும்" என்றார். அது போதும். பெரிய நெல்லிக்காய் அளவு, இருபது கிராம் உருண்டை. ஒன்றில் ஏழு கிராம் வெல்லம். நோன்புத் தட்டுக்கான 21ம் சேர்ந்து 420 கிராம் மாவில் முடிந்தது. பழைய அளவில் அதற்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும்.

சின்னதாகத் தட்டுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. உருண்டை சிறுத்தால், அதே எடை மாவுக்கு எண்ணெய் படும் மேல்பரப்பு கூடிவிடும். இரண்டு சின்ன அதிரசம் ஒரு பெரிய அதிரசத்தைவிட அதிகமாக எண்ணெய் குடிக்கும். தராசு வாங்கியதே இதற்காகத்தான். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் எடை போட்டோம், சுட்டு முடித்து ஆறியதும் மறுபடி போட்டோம். தட்டையாகத் தட்டினால் சட்டியில் எண்ணெய்க் குறைவு அதிகம். அகலத்தைக் குறைத்து, கனத்தை மட்டும் பழையபடி விட்டால் குடித்த எண்ணெய் குறைந்தது. அதனால் எங்கள் சின்ன அதிரசம் பார்க்கக் கொஞ்சம் குண்டாக, தட்டை வடை மாதிரி இருந்தது. நடுவில் வேகுமா என்று அத்தைக்குச் சந்தேகம். எண்ணெய்ச் சூடு 155 டிகிரி பக்கம் நின்றால் வெந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் வெல்லம் கருகி வெளியே கறுப்பு, உள்ளே பச்சை மாவு.

எண்ணெயிலிருந்து எடுத்ததும் அழுத்துவதுதான் முக்கியமான வேலை. இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து, சூட்டோடு சூடாக அழுத்த வேண்டும். பலகாரம் எண்ணெயில் இருக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆற ஆரம்பித்ததும், உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எடுத்த உடனே அழுத்தினால்தான் பலன். ஆறவைத்து அழுத்தினால் அதிரசம் நசுங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அடியில் ஒரு தட்டு வைத்து வடிந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் சேர்ந்தது. ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி என்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் அதிரசத்தை அழுத்தியது அழகுக்கு அல்ல.

செய்தித்தாளில் போட்டு வடியவிடுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். அச்சு மை எண்ணெயில் இறங்கும் என்பதால் உணவைச் செய்தித்தாளில் வைக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. கம்பி வலைத் தட்டு ஒன்று போதும்.

சாமை

நோன்பு வேலை முடிந்ததும் சாமைக்கு வந்தோம். சித்தேரி மலைச் சாமை, தெரிந்தவர் ஒருவர் மூலம் கிடைத்தது. கடையில் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போகத் தீட்டியது; நார்ச்சத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அதில் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. மங்கலான சாம்பல் பழுப்பு நிறம்தான் வேண்டும். அதற்கு விலையாக மண்ணும் பொடிக்கல்லும் வரும். அத்தை இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அரித்து எடுத்தார். மிக்சியில் போட்டு அரைத்துவிட்டால் கல் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும்.

சாமைக்கு அரிசி அளவு ஊறல் தேவையில்லை, சீக்கிரம் தண்ணீர் குடித்துவிடும். காய்வதும் சீக்கிரம், துணியில் பரப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் வந்து பார்க்கும்போது ஈரமே இருக்காது. ஈரம் போன மாவு பாகோடு சேராது. பக்கத்திலேயே உட்கார்ந்து, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். மாவு அரிசி மாவைவிடச் சொரசொரப்பாக வரும், இரண்டு முறை சலிக்க வேண்டும். பாகு அரிசிக்கு வைத்ததைவிட ஒரு துளி இளகலாக இருந்தால் சரியாக இருக்கிறது.

சுட்டால் என்ன ஆகிறது? நிறம் கறுப்பாக வருகிறது, ஓரம் அரிசி அதிரசம் மாதிரி வழவழப்பாக இல்லை, வாயில் லேசாக நெறுநெறுக்கிறது. ருசி எனக்குப் பிடித்தது. சுக்குக் காரம் நன்றாக ஏறி நிற்கிறது. குழந்தைகள் அரிசி அதிரசத்தைத்தான் தேடினார்கள். மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான், அவருக்கு அதிரசம் என்று இருந்தால் போதும்.

இதே மாவைக் குழிப்பணியாரச் சட்டியிலும் ஊற்றாமல் உருட்டி வைத்துப் பார்த்தோம். குழிக்கு அரைக் கரண்டி நல்லெண்ணெய், மூடி போட்டுச் சிறு தீ, ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். எண்ணெய்க் கணக்கில் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. ஆனால் மேல்தோல் முறுகாது, உள்ளே களி மாதிரி மெத்தென்று இருக்கும். அத்தை ஒன்றைக் கடித்துவிட்டு, "நல்லா இருக்குது. ஆனா இது அதிரசம் இல்ல" என்றார். மறுக்க முடியவில்லை. மாமாவின் மாலைக் காபிக்கு இது பிற்பாடு நன்றாக உதவியது.

குளுக்கோமீட்டரில் பார்த்தபோது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சின்ன அரிசி அதிரசத்துக்கும் சின்ன சாமை அதிரசத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிரசம் ஒன்றா இரண்டா என்பதற்குத் தெரிந்தது. இது ஒரு வீட்டில் ஓர் ஆளிடம் பார்த்தது. ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டு முடிவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேழ்வரகு முறுக்கு

காரத்துக்கு முறுக்கு. கேழ்வரகு மாவு தனியாக நிற்காது, பிழிந்தால் துண்டு துண்டாக உதிரும். நாங்கள் போட்டது இரண்டு பங்கு கேழ்வரகு மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, அரைப் பங்கு பொட்டுக்கடலை மாவு, எள், ஓமம். கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை லேசாக வறுத்துக்கொண்டால் பச்சை வாடை போய்விடும். வெண்ணெய் தாராளமாகப் போட்டால் கரகரப்பாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வரும்தான், கூடவே எண்ணெயில் உடைந்து, எண்ணெயையும் நன்றாகக் குடிக்கும். அரைக் கிலோ மாவுக்கு ஒரு மேஜைக்கரண்டி போதும்.

உப்பு அரைக் கிலோ மாவுக்கு எட்டு கிராம் எடை போட்டுச் சேர்த்தேன். ஒரு கைப்பிடி முறுக்குக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள். பண்டிகை நாளில் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும் என்பதை நினைத்தால், முறுக்கில் உப்புக் கரிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓமமும் எள்ளும் இருப்பதால் குறைவு தெரியவில்லை.

கேழ்வரகு முறுக்கில் புதிதாகச் செய்பவர்களைக் குழப்புவது நிறம். மாவே பழுப்பு; பொன்னிறம் வந்ததும் எடு என்ற கணக்கு இங்கே செல்லாது. காதைத்தான் நம்ப வேண்டும். போட்டதும் சட்டி சடசடவென்று பொரியும், குமிழி பெரிது பெரிதாக வரும். மாவிலிருக்கும் ஈரம் வெளியேறுகிற சத்தம் அது. குமிழி சிறுத்து, சத்தம் அடங்கி, எண்ணெய் கிட்டத்தட்ட அமைதியாகும்போது எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசக்கும்.

சூட்டு விஷயத்தில் வெப்பமானி நிஜமாகவே உதவியது. 175 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் நான்கு முறுக்கைச் சேர்த்துப் போட்டால் சட்டென்று 150க்குக் கீழே விழுகிறது. அந்தச் சூட்டில் முறுக்கு வேகாமல் ஊறுகிறது. இரண்டாகப் போட்டால் 165க்குக் கீழே போவதில்லை. ஒரே மாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கூட்டமாகவும் ஒரு பாதியை இரண்டிரண்டாகவும் சுட்டு எண்ணெயை எடை போட்டதில், கூட்டமாகச் சுட்டதுதான் தெளிவாக அதிகம் குடித்திருந்தது. தராசு இல்லாமலும் தெரியும்: கையில் எடுத்தால் விரல் மினுங்கும். நேரம் கூடுதலாக ஆகிறது என்பது உண்மைதான். பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அடுப்பில் நிற்பவருக்கு இந்த அறிவுரை எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது.

எண்ணெய்க்கு வாய் அகன்ற பெரிய வாணலியை ஒதுக்கிவிட்டு, அகலம் குறைந்து ஆழமாக இருக்கும் இரும்புச் சட்டியை எடுத்தோம். அரை லிட்டர் செக்குக் கடலை எண்ணெயிலேயே வேலை நடந்தது. இதன் பலன் பிறகுதான் தெரியும். பெரிய வாணலியில் இரண்டு லிட்டர் ஊற்றிச் சுட்டால், முடிந்ததும் ஒன்றரை லிட்டர் கறுத்த எண்ணெய் மிஞ்சும். கொட்ட மனசு வராது. அதிலேயே கார்த்திகைக்கு வடை, மார்கழிக்கு போண்டா என்று போகும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் கடைகளுக்கு விதி இருக்கிறது. வீட்டுக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நுரை கட்டுவது, சீக்கிரம் புகைவது, பிசுபிசுப்பு, கருத்த நிறம் ஆகியவைதான் நமக்கு அடையாளம். எங்களுக்கு மிஞ்சியது சின்னக் கிண்ணம் அளவுதான். துணியில் வடிகட்டித் தாளிப்புக்கே தீர்த்துவிட்டோம்.

தீபாவளியன்று

வழக்கமாக எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் லேகியம், கையோடு இனிப்பு என்று போகும். லேகியத்திலும் வெல்லமும் நெய்யும்தான் பாதி. அதனால் அது மாமாவுக்குச் சுண்டைக்காய் அளவு. பக்கத்து வீட்டிலிருந்து வந்த இனிப்பை மூடி வைத்துவிட்டு, முதலில் பச்சைப்பயறு சுண்டல், பிறகு இட்லியும் கொள்ளுத் துவையலும், எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு துண்டு இனிப்பு. தின்றது அதேதான், வரிசை மட்டும் மாறியது. நாரும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் சர்க்கரை மெதுவாக ஏறும். குளுக்கோமீட்டரும் இதற்கு ஒத்துப்போனது.

சாயங்காலம் நோன்பு முடியும் வரை அத்தை ஒன்றும் சாப்பிட மாட்டார். அவரோடு சேர்ந்து மாமாவும் இருக்கிறேன் என்று கிளம்பினார். இதில் நான் பிடிவாதம் பிடித்துவிட்டேன். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும். ஏறுவதைவிட அது சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். மதியம் களி கிண்டினோம்.

களியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பதினொரு கிராம் அளவுக்கு நார்ச்சத்து; தீட்டிய அரிசியில் நார் மூன்று கிராம்கூடத் தேறாது. ஆனால் ராகிக்குச் சர்க்கரை ஏறவே ஏறாது என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். ஏறும். நைசாக அரைத்த மாவு, தண்ணீரில் நன்றாக வெந்தது, இரண்டு கைக்கும் அடங்காத உருண்டை. ஏறாமல் என்ன செய்யும்? காட்டு வேலை செய்து வியர்வை சிந்தியவர்கள் தின்ற உருண்டை அது. மாமா ஓய்வு பெற்ற மனிதர். அவருக்கு உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலை இரட்டிப்பாக்கினோம். முதல் நாள் தட்டைப் பார்த்து, "கீரைக்குத் தொட்டுக்கக் களியா?" என்றார். அப்புறம் பழகிவிட்டது. களிக்கும் பொங்கலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் வைக்கிறோம். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் புளோரைடு அதிகம், கொதிக்க வைத்தாலும் அது போகாது.

வீட்டுக்கு வரும் தட்டுகள்

நாங்கள் சுட்டதை அளக்கலாம், வருவதை எப்படி அளப்பது? தீபாவளிக்கு வந்த தட்டுகள் சாப்பாட்டு மேஜையை நிறைத்துவிட்டன. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் மனஸ்தாபம். வாங்கி வைத்தால் போகும்போதும் வரும்போதும் ஆளுக்கொரு துண்டு, கணக்கில் வராது. நாங்கள் செய்தது இதுதான்: வந்ததை அன்றே பிரித்து, வீட்டுக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியை வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், என் அலுவலகத்துக்கும், பட்டாசு வெடிக்க வந்த பிள்ளைகளுக்கும் உடனே கொடுத்துவிட்டோம். சொந்தப் பலகாரத் தூக்கு மேஜையை விட்டுப் பரண்மேல் போனது. ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும் என்றால் பாதிப் பேருக்குப் பசி போய்விடுகிறது.

தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அத்தையின் சட்டம். திருப்பித் தந்த தட்டில் சின்ன அதிரசம் இரண்டும், மீதி இடத்துக்குக் கொய்யாவும் அவித்த நிலக்கடலையும் வைத்தோம். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர் வீட்டம்மா, "கடலை இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றே கேட்டுவிட்டார்.

கார்த்திகைப் பொரி உருண்டையைச் சின்னதாகப் பிடித்தோம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் கேக் ஆளுக்கொரு விரல் அகலம். அலுவலகக் கேக்கை நான் தவிர்த்துவிட்டேன்; அந்தக் கிரீம் எனக்குப் பிடிக்காது, அதில் தியாகம் ஒன்றும் இல்லை.

பொங்கல்

பொங்கலுக்கு நிலைமை வேறு. அதிரசம் மாதிரி சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் தூணாக நிற்பதில்லை. குறைத்தால் இனிப்புக் குறையும், வேறு ஒன்றும் கெடாது. எங்கள் வீட்டு வழக்கம் ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு வெல்லம். வாசலில் வைக்கும் பானைக்குப் புது அரிசிதான். அதைச் சின்னப் பானையாக வைத்தோம். வீட்டுக்குள் சாப்பிடுவதற்குச் சாமையில் தனியாக. ஒரு ஆழாக்கு சாமை, கால் ஆழாக்கு வறுத்த பாசிப்பருப்பு, நாலரை ஆழாக்கு தண்ணீர், முக்கால் ஆழாக்கு வெல்லம். சாமை நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் தானியம் விறைத்து நின்றுவிடும். நெய் இரண்டு கரண்டியோடு நிறுத்தி, அதையும் கடைசியில், இறக்கும்போது மேலே விட்டோம். மேலே விட்ட நெய்தான் மணக்கும். கிளறும்போதே ஊற்றியது எங்கே போகிறது என்று தெரியாது. தேங்காய்ப் பல்லு வறுத்துப் போட்டதில் கடிக்க ஒன்று கிடைத்தது, இனிப்புக் குறைந்ததை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு இலையில் நிஜமான நாயகன் பிதுக்கம்பருப்புக் குழம்புதான். மார்கழி தையில் அவரைக்கொட்டை மலிந்து கிடக்கும். ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு கிண்ணத்தில் விழும். தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து செய்யும் வேலை. பாதிப் பருப்பு சோபாவுக்கு அடியில் போகும். புரதமும் நாரும் நிறைந்த இந்தக் குழம்பு இலையில் இருந்தால் சோறு தானாகவே குறைகிறது. கரிநாளன்று கறிக்குழம்பையும் இதே பருப்பைப் போட்டே வைத்தோம். கறியைப் பாதியாகக் குறைத்தது தெரியவே இல்லை.

தை கடைசியில் பரிசோதனை முடிவு வந்தது. ஆவணியில் இருந்த இடத்திலிருந்து லேசாக ஏறியிருந்தது, வழக்கமான தை மாத ஏற்றம் இல்லை. மார்கழிக் குளிரிலும் மாமா நடையை விடவில்லை என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். மாத்திரையை மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதே எங்களுக்குப் போதும்.

அடுத்த தீபாவளிக்கு என்ன என்று அத்தையிடம் கேட்டேன். முறுக்கு கேழ்வரகில்தான், அதை மாற்ற வேண்டாம் என்றார். சாமையைப் பொங்கலுக்கும் தினச் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வோம், அதிரசத்துக்கு அரிசியே போதும், அளவு மட்டும் இந்த நெல்லிக்காய் அளவு என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தராசு இனி வேண்டாமாம். இருபது கிராம் எவ்வளவு என்று அவர் கைக்குப் பழகிவிட்டது. உருட்டி வைத்ததை நான் நிறுத்துப் பார்த்தேன், 19, 21, 20 என்று வருகிறது.